"ஃப்ளோரோசர்ஃபக்டன்ட் இல்லாதது" என்று போட்டிருந்தால் அந்தப் பாலிமர் தயாரிப்பு பாதுகாப்பானதாகிவிடுமா?

பாலிமர்_புதுமுகம்

எல்லாருக்கும் வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறேன். "ஃப்ளோரின் உள்ள பாலிமர்களை இன்னும் பாதுகாப்பாகத் தயாரிக்கிற வழி" என்று கைடு ஒரே வரியில் தலைப்பைச் சொல்லிவிட்டு, படித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார். மூன்று வாரமாகப் படிக்கிறேன், குழப்பம்தான் கூடிக்கொண்டே போகிறது.

ஒரு கட்டுரை முழுக்க பி.எஃப்.ஓ.ஏ.வைத்தான், அதாவது இந்தத் தயாரிப்பில் சோப்பு மாதிரிப் போட்டுவந்த ஃப்ளோரின் சேர்மத்தைத்தான், திட்டுகிறது, அதை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற மாதிரி. இன்னொன்று டெஃப்லானுக்கு மூலப்பொருளான டெட்ராஃப்ளோரோஎத்திலீன் வாயு வெடிக்கும் என்று பயமுறுத்துகிறது. தண்ணீருக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடில் செய்யுங்கள் என்கிறது வேறொன்று. ஹைட்ரஜன் ஃப்ளோரைடே வேண்டாம் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. இதெல்லாம் ஒரே பிரச்சினையின் நாலு முகமா, இல்லை நாலும் தனித்தனிப் பிரச்சினையா? பி.வி.டி.எஃப். என்கிற ஃப்ளோரோபாலிமரை விற்பவர்கள் "ஃப்ளோரோசர்ஃபக்டன்ட் இல்லாதது", அதாவது ஃப்ளோரின் உள்ள சோப்பு சேர்க்காதது, என்று போடுகிறார்களே, அதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வது?

எங்கள் ஆய்வகத்தில் 300 மில்லி அழுத்தக் கலன் ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் எதைத் தொடலாம், எதைத் தொடவே கூடாது என்றும் யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.

வால்வுக்காரன்

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றதை உயிரோடு இருந்து மெதுவாகப் படிக்கலாம். டெட்ராஃப்ளோரோஎத்திலீனை, சுருக்கமாக டி.எஃப்.இ., அதற்கென்றே கட்டப்பட்ட தடுப்புச் சுவரும் தூரத்திலிருந்து இயக்கும் வசதியும் இல்லாத இடத்தில் தொடாதீர்கள். "கொஞ்சம்தான் எடுக்கிறோம்" என்று சொல்லிக்கொள்வதிலும் அர்த்தம் இல்லை.

ஏன் என்றால், எரிவதற்கு மற்ற வாயுக்களுக்குக் காற்று வேண்டும், இதற்கு அதுவும் தேவையில்லை. தனக்குள்ளேயே சிதைந்து கரியாகவும் கார்பன் டெட்ராஃப்ளோரைடாகவும் பிரியும், ஒரு மோலுக்குச் சுமார் 275 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். பாலிமராக மாறும்போது வெளிவருவதே 172 கிலோஜூல், எத்திலீனுக்கு அது கிட்டத்தட்ட 100தான். எங்கோ ஒரு மூலையில் வெப்பம் வெளியேற வழியில்லாமல் பாலிமராக்கல் தொடங்கியது என்று வையுங்கள், அந்தச் சூடே அடுத்ததாகச் சிதைவைக் கிளப்பிவிடும். ஒன்று மற்றொன்றுக்குத் திரி.

1938 ஏப்ரல் 6 அன்று ராய் பிளங்கெட் டியூபான்ட் ஆய்வகத்தில் டெஃப்லானைக் கண்டுபிடித்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிலிண்டரைத் திறந்தால் வாயு வரவில்லை, எடை மட்டும் குறையவில்லை, அறுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைத் தூள். எல்லாரும் அதை அதிர்ஷ்டக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு அது மயிரிழையில் தப்பிய ஒரு விபத்தின் அறிக்கை மாதிரித்தான் படிக்கும். மூடிய சிலிண்டருக்குள் டி.எஃப்.இ. யாரும் கேட்காமலேயே பாலிமராகியிருக்கிறது, வெப்பம் மெதுவாக வெளியேறியதால் அறுக்க ஒரு சிலிண்டர் மிச்சம் இருந்தது, அவ்வளவுதான்.

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் ஓட்டமே இல்லாத ஒரு கிளைக்குழாய் இருந்தது. ஒருநாள் இரவு ஷிப்டில் அதைக் கடந்துபோனவர் குழாய் வெதுவெதுப்பாக இருப்பதைக் கவனித்துச் சொன்னார். மோனோமரை, அதாவது பாலிமராகாத டி.எஃப்.இ.யை, வெளியேற்றி, குளிரவிட்டு, அடுத்த வாரம் கழற்றிப் பார்த்தால் உள்ளே சோளப்பொரி மாதிரி வெள்ளையாக அடைத்துக்கொண்டிருந்தது. அதற்குத் தொழிலில் பாப்கார்ன் பாலிமர் என்றே பெயர். காரணம் ஆக்சிஜன் கசிவு. ஆக்சிஜன் கொஞ்சம் கலந்தாலும் பெராக்சைடு உண்டாகும், அதுவே பாலிமராக்கலைக் கிளப்பிவிடும் துவக்கியாக வேலை செய்யும். அதனால்தான் டி.எஃப்.இ.யை லிமோனீன் மாதிரி டெர்பீன் தடுப்பான் கலந்து வைப்பார்கள், பயன்படுத்தும்போது வடிகட்டி எடுத்துவிடுவார்கள். ஆபத்து அதிகம் எங்கே என்று இப்போது புரிந்திருக்கும், தடுப்பானை எடுத்த பிறகு கலனுக்குப் போகிற அந்தச் சில மீட்டர் குழாயில்.

வால்வைப் படக்கென்று திறப்பதும் அப்படித்தான். அடைபட்ட குழாய்க்குள் உயர் அழுத்த வாயு பாய்ந்தால் முனையில் நசுங்கிச் சூடாகும். மெதுவாகத் திறக்க வேண்டும் என்பது ஒழுக்கத்துக்காகச் சொல்லும் விதி என்று நினைத்துவிடாதீர்கள்.

லேட்டக்ஸ்_லிங்கம்

வால்வுக்காரன் சார் சொன்னது ஆலைக்குள் இருப்பவர்களுக்கான ஆபத்து. பி.எஃப்.ஓ.ஏ. ஆலைக்கு வெளியே ஆற்றில் தண்ணீர் குடிப்பவர்களுக்கான ஆபத்து. இரண்டையும் "பாதுகாப்பு" என்ற ஒரே சொல்லால் குறிப்பதால்தான் உங்களுக்குக் குழப்பம் வருகிறது.

முதலில் ஒரு விஷயம், பலருக்கும் தெரியாதது. பி.டி.எஃப்.இ.யை, அதாவது டெஃப்லானை, இரண்டு விதமாகச் செய்கிறார்கள். ஒன்று சஸ்பென்ஷன் முறை: தண்ணீரில் வேகமாகக் கலக்கி, குருணையாக எடுப்பது, அதற்கு சர்ஃபக்டன்ட் தேவையில்லை, போட்டாலும் மிகக் கொஞ்சம். இன்னொன்று பால் மாதிரி நுண்துகளாக எடுக்கும் டிஸ்பர்ஷன் முறை. வாணலிப் பூச்சுக்கும் துணிப் பூச்சுக்கும் மெல்லிய சவ்வுக்கும் இந்தப் பால்தான் வேண்டும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் பார்த்துக்கொள்ள சோப்பு மாதிரி ஒன்று தேவைப்படுகிறது, பி.எஃப்.ஓ.ஏ. நுழைந்தது அங்கேதான்.

சாதாரண சோப்பையே போட்டிருக்கலாமே என்று நானும் மாணவனாக இருந்தபோது கேட்டேன். வளர்கிற சங்கிலியின் முனையில் இருக்கும் ஃப்ளோரினேற்ற ராடிக்கல் (இணையில்லாத எலக்ட்ரானோடு தவிக்கும் முனை) கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பைக் கண்டால் விடாது, ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். சங்கிலி குட்டையாகிவிடும், பாலிமரின் மூலக்கூறு எடை விழுந்துவிடும். பி.எஃப்.ஓ.ஏ.வின் வாலில் பிடுங்குவதற்கு ஹைட்ரஜனே கிடையாது. எதோடும் வினைபுரியாத அந்தக் குணத்துக்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள், அதே குணத்தால்தான் அது மண்ணிலும் தண்ணீரிலும் நம் ரத்தத்திலும் சிதையாமல் தங்குகிறது. மனித ரத்தத்தில் பாதியாகக் குறையவே சில வருடம் ஆகிறது.

1950களின் தொடக்கத்தில் நுழைந்ததை வெளியேற்ற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2006ல் எட்டு நிறுவனங்களோடு திட்டம் போட்டு 2015க்குள் நிறுத்தச் சொன்னது. 2019ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்ந்தது, 2023ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்பில் வைத்தது. இடைப்பட்ட காலத்தில் என்ன செய்தார்கள்? எட்டுக் கார்பனுக்குப் பதில் ஆறு கார்பனும் நடுவில் ஓர் ஆக்சிஜனும் உள்ள ஜென்எக்ஸைக் கொண்டுவந்தார்கள். 2017ல் அது வட கரோலினாவின் கேப் ஃபியர் ஆற்றில் இருப்பது பெரிய செய்தியானது. பேயை ஓட்டப் பிசாசைக் கூப்பிட்ட கதை. 2024ல் குடிநீருக்கு அமெரிக்கா விதித்த வரம்பில் பி.எஃப்.ஓ.ஏ.வுக்கு லட்சம் கோடியில் 4 பங்கு, ஜென்எக்ஸுக்கு 10 பங்கு. இரண்டும் ஒரே பட்டியலில் நின்றன பாருங்கள்.

"ஃப்ளோரோசர்ஃபக்டன்ட் இல்லாதது" என்பது அதற்கு அடுத்த படி, அதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். பி.வி.டி.எஃப்.பில் இது பல வருடமாக நடக்கிறது, ஆர்க்கெமா நிறுவனம் தன் கைனார் ரகத்தில் செய்து காட்டியது. பி.வி.டி.எஃப்.பின் மூலப்பொருளான வினைலிடீன் ஃப்ளோரைடின் சங்கிலியிலேயே ஹைட்ரஜன் இருக்கிறது, அதன் ராடிக்கல் டி.எஃப்.இ.யின் ராடிக்கல் அளவுக்கு வெறிபிடித்தது இல்லை, அதனால் ஃப்ளோரின் இல்லாத சர்ஃபக்டன்டைச் சகித்துக்கொள்ளும். பி.டி.எஃப்.இ.யில் கஷ்டம் அதிகம். முதலில் சர்ஃபக்டன்டே இல்லாமல் அல்லது மிகக் குறைவாகப் போட்டு விதைத்துகள்களை உண்டாக்கி, அப்புறம் ஹைட்ரோகார்பன் சோப்பைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். பெர்சல்ஃபேட் துவக்கி சங்கிலி முனையில் விட்டுச்செல்லும் அயனிகளும் துகளைத் தாங்கிப் பிடிக்க உதவும்.

ஆனால் அந்தச் சொற்றொடர் எதைச் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். வெளியிலிருந்து ஃப்ளோரினேற்ற சோப்பைப் போடவில்லை என்கிறது, அவ்வளவே. தண்ணீரில் பெர்சல்ஃபேட்டால் தொடங்கிய ஒரு சங்கிலி நாலைந்து அலகிலேயே நின்றுவிட்டால் என்ன கிடைக்கும்? ஒரு முனையில் அமிலத் தலை, பின்னால் ஃப்ளோரின் வால். சோப்பை நீங்கள் போடாவிட்டாலும் கலன் தானே கொஞ்சம் தயாரித்துவிடும். ஆகவே கழிவுநீரை அளந்த எண்ணைக் கேளுங்கள், லேபிளை நம்பி உட்காராதீர்கள்.

ஓரமாய்நிற்பவன்

இவ்வளவு தலைவலி எதற்கு? மொத்தமாக ஃப்ளோரோபாலிமரையே நிறுத்திவிட்டால் முடிந்தது. ஐரோப்பாவில் 2023லேயே ஐந்து நாடுகள் சேர்ந்து பிஃபாஸ் எனப்படும் ஃப்ளோரின் சேர்மக் கூட்டம் முழுவதையும் கட்டுப்படுத்தச் சொல்லி முன்மொழிந்துவிட்டார்களே.

லேட்டக்ஸ்_லிங்கம்

வாணலிக்கும் மழைக்கோட்டுக்கும் நிறுத்துங்கள், நானே கைதூக்குகிறேன். குறைக்கடத்தி ஆலையில் சூடான அமிலம் போகும் குழாய்க்கும், குளோர்-ஆல்கலி ஆலையின் சவ்வுக்கும் பதில் என்ன என்று சொல்லிவிட்டு மொத்தத்தையும் நிறுத்துங்கள். கேள்வி கேட்ட தம்பிக்கு இந்த விவாதத்தால் பயன் இல்லை, தனி இழை தொடங்கினால் அங்கே வருகிறேன்.

அழுத்தம்_73

என் பெயரைப் பார்த்தாலே தெரியும், கார்பன் டை ஆக்சைடுக்காரன் நான். 31.1 டிகிரி செல்சியஸுக்கும் 73.8 பாருக்கும் மேலே போனால் அது வாயுவும் இல்லாமல் திரவமும் இல்லாமல் ஒரு நிலைக்கு வரும், அதைத்தான் சூப்பர்கிரிட்டிக்கல் என்கிறோம். பெரும்பாலான பாலிமர்களை அது கரைக்காது, ஆனால் உருவமற்ற ஃப்ளோரோபாலிமர்களையும் சிலிக்கோன்களையும் கரைக்கும். இதை வைத்து 1992ல் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் டிசிமோன் குழு ஃப்ளோரினேற்ற அக்ரிலேட்டை அதிலேயே பாலிமராக்கிக் காட்டியது. கார்பன் டை ஆக்சைடிலும் பிடுங்க ஹைட்ரஜன் கிடையாது, லிங்கம் சொன்ன சங்கிலி குட்டையாகும் தொல்லை இல்லை. சர்ஃபக்டன்டும் வேண்டாம், உலர்த்துவதற்குத் தண்ணீரும் இல்லை, அழுத்தத்தை இறக்கினால் கரைப்பான் பறந்துவிடும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. டி.எஃப்.இ.யின் கொதிநிலை சுமார் மைனஸ் 76 டிகிரி, கார்பன் டை ஆக்சைடு மைனஸ் 78.5ல் பதங்கமாகும். இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் கலந்து வைத்தால் ஒன்று முந்தி ஒன்று பிந்திப் போவதில்லை, சேர்ந்தே வெளியேறும். சிலிண்டரில் பாதி தீர்ந்த பிறகும் கலவை ஏறக்குறைய அதே விகிதத்தில் இருக்கும், டி.எஃப்.இ. தனியாகச் செறிவடைந்து ஆபத்தான நிலைக்குப் போகாது. வால்வுக்காரன் சாரின் சிதைவுச் சங்கிலிக்கு நடுவில் ஒரு சோம்பேறி வாயுவை உட்கார வைத்த மாதிரி. டியூபான்ட் 1990களின் நடுவிலேயே இந்தக் கலவைக்குக் காப்புரிமை வாங்கியது.

பாலிமரின் தரத்திலும் லாபம் உண்டு. தண்ணீரில் செய்தால் சங்கிலி முனைகளில் அமிலத் தொகுதி வந்துவிடும், உருக்கி வார்க்கும்போது அது சிதைந்து ஹைட்ரஜன் ஃப்ளோரைடை விடும், அதை அகற்றத் தனியாக ஃப்ளோரின் வாயு கொண்டு முனைகளைச் சரிசெய்ய வேண்டியிருக்கும். கார்பன் டை ஆக்சைடில் ஃப்ளோரினேற்ற பெராக்சைடைத் துவக்கியாகப் போட்டால் முனை ஆரம்பத்திலேயே சுத்தம்.

வால்வுக்காரன்

எல்லாம் சரி, அப்படியானால் உலகம் முழுக்க ஏன் இன்னும் தண்ணீரிலேயே செய்கிறார்கள்?

அழுத்தம்_73

கேட்பீர்கள் என்று தெரியும். 1999ல் டியூபான்ட் வட கரோலினாவின் ஃபயட்வில் ஆலையில் 4 கோடி டாலர் செலவில் இந்த முறைக்கு அலகு கட்டப்போவதாக அறிவித்தது. உருக்கி வார்க்கும் ரகங்களுக்கு அது பொருந்தியது, ஆனால் தண்ணீர் முறையை அது ஓரங்கட்டவில்லை. பால் வடிவம் கேட்பவருக்குக் காய்ந்த தூளைக் கொடுத்து என்ன பயன்? கூடவே உயர் அழுத்தக் கலன்களின் செலவு, வாயுவைத் திரும்ப அமுக்கும் மின்சாரம். தண்ணீர் வெப்பத்தை உறிஞ்சுவது போல வேறெதுவும் உறிஞ்சாது, மோலுக்கு 172 கிலோஜூல் என்று நீங்களே சொன்னீர்களே, அதை எங்கே கொண்டு கொட்டுவது என்பதும் ஒரு கேள்வி. ஜென்எக்ஸ் கேப் ஃபியர் ஆற்றுக்குப் போனதும் இதே ஃபயட்வில் வளாகத்திலிருந்துதான் என்பதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. ஒரு கட்டடத்தில் சோப்பே வேண்டாத முறை, அதே வளாகத்தின் கழிவில் புது சோப்பு.

ஊற்றுக்கண்

எல்லாரும் கலனுக்குள்ளேயே நிற்கிறீர்கள், ஒரு படி பின்னால் போய்ப் பாருங்கள். டி.எஃப்.இ. எங்கிருந்து வருகிறது? ஃப்ளோர்ஸ்பார் என்கிற தாதுவில் கந்தக அமிலத்தை ஊற்றி ஹைட்ரஜன் ஃப்ளோரைடு எடுக்கிறார்கள். அது 19.5 டிகிரியில் கொதிக்கும், கசிந்தால் தோலைத் துளைத்து எலும்புவரை போகும். அதைக் குளோரோஃபார்மோடு வினைபுரிய வைத்து ஆர்-22, குளிர்பதன வாயுவாக நமக்குத் தெரிந்த அதேதான். அதை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் டி.எஃப்.இ. கிடைக்கும். ஆர்-22 செய்யும்போது எச்.எஃப்.சி.-23 என்கிற உடன்விளைபொருள் வரும், புவியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடை விட 12,000 மடங்குக்கும் மேல். சூடாக்கும் கட்டத்தில் பெர்ஃப்ளோரோஐசோபியூட்டிலீன் என்ற நச்சு வாயுவும் கொஞ்சம் உண்டாகும், ரசாயன ஆயுத உடன்படிக்கையின் இரண்டாம் அட்டவணையில் இருப்பது. ஆர்-22 ஓசோனைக் கெடுக்கும் என்று மான்ட்ரியல் நெறிமுறை அதைக் குளிர்பதனத்திலிருந்து விலக்கிக்கொண்டு வருகிறது, ஆனால் மூலப்பொருளாகப் பயன்படுத்தினால் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஆக, கடைசிக் கலனில் எந்த சோப்பு என்று நாம் இங்கே சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது மேலே இவ்வளவும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

2023ல் ஆக்ஸ்ஃபோர்டில் வெரோனிக் குவர்னர் குழு ஃப்ளோர்ஸ்பாரைப் பொட்டாசியம் ஃபாஸ்பேட் உப்போடு சேர்த்து உருண்டை அரவையில் அரைத்தே வினைபுரியும் ஃப்ளோரைடை எடுத்துக் காட்டியது. ஹைட்ரஜன் ஃப்ளோரைடு நடுவில் வரவே இல்லை. படித்தபோது துள்ளினேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தால், அதில் செய்து காட்டியவை மருந்து, வேளாண் ரசாயனம் பக்கம் போகிற மூலக்கூறுகள். டி.எஃப்.இ.க்கு அதிலிருந்து இன்னும் நீண்ட தூரம் நடக்க வேண்டும்.

எனக்கு நம்பிக்கை தருவது பழைய பி.டி.எஃப்.இ.தான். ஆக்சிஜன் இல்லாமல் 600 டிகிரி வாக்கில் சூடாக்கினால் அது சங்கிலி பிரிந்து பெரும்பாலும் டி.எஃப்.இ.யாகவே திரும்பி வரும், பாலிமர்களில் இது அபூர்வ குணம். ஜெர்மனியின் கென்டார்ஃபில் 2015ல் ஆண்டுக்கு 500 டன் அளவில் இப்படி ஓர் ஆலையே திறந்தார்கள். தாதுவும் ஹைட்ரஜன் ஃப்ளோரைடும் ஆர்-22வும் அந்தப் பங்குக்குத் தேவையில்லை. பெர்ஃப்ளோரோஐசோபியூட்டிலீன் ஆபத்து மட்டும் இங்கேயும் கூடவே வரும், அதை மறைக்க விரும்பவில்லை.

பாலிமர்_புதுமுகம்

அனைவருக்கும் நன்றி, மூன்று வாரம் படித்ததை விட இது பயனாக இருக்கிறது. ஒரு தாளை எடுத்து தாது, ஆர்-22, டி.எஃப்.இ., கலன், கழிவுநீர், பழைய பொருள் என்று வரிசையாக எழுதி, நான் படித்த ஒவ்வொரு கட்டுரையையும் அதில் ஏதாவது ஓர் இடத்தில் ஒட்டிப் பார்த்தேன். கிட்டத்தட்ட எல்லாமே ஒரே ஒரு கட்டத்தைத்தான் தொடுகிறது, ஆனால் தலைப்பில் மட்டும் "பாதுகாப்பான" என்று பொதுவாகப் போட்டிருக்கிறது.

சரி, டி.எஃப்.இ. கிடையாது என்று முடிவாகிவிட்டது. அந்த 300 மில்லி கலனில் வினைலிடீன் ஃப்ளோரைடு செய்யலாமா?

லேட்டக்ஸ்_லிங்கம்

செய்யலாம், டி.எஃப்.இ. மாதிரி சிதையும் குணம் அதற்கு அந்த அளவுக்கு இல்லை. ஆனால் தீப்பற்றும், நிலைமாறு வெப்பநிலையே (அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது) 30 டிகிரிதான் என்பதால் அறைச் சூட்டிலேயே அழுத்தம் எகிறும். கலனை நிரப்பாதீர்கள், எடை பார்த்து ஏற்றுங்கள், வெடிப்புத் தகடு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். டைமெத்தில் கார்பனேட்டைக் கரைப்பானாக வைத்துச் செய்வது ஆய்வகங்களில் பழகிய வழி. அதை விட எளிது குளோரோட்ரைஃப்ளோரோஎத்திலீன், மைனஸ் 28 டிகிரியில் கொதிக்கும், அழுத்தம் குறைவு, வினைல் ஈதரோடு ஒன்றுவிட்டு ஒன்றாகச் சேர்ந்து கரையக்கூடிய பாலிமர் தரும். பெயின்ட் தொழிலில் 1980களிலிருந்தே இருக்கிற வேதியியல். மோனோமர் சிறுநீரகத்துக்கு நச்சு, புகைக்கூண்டுக்கு வெளியே சிலிண்டரைத் திறக்க வேண்டாம்.

உங்கள் தாளில் கழிவுநீர் என்று ஒரு கட்டம் இருக்கிறது இல்லையா, யாரும் அதிகம் ஒட்டாத இடம் அதுதான் என்று நினைக்கிறேன். சர்ஃபக்டன்ட் இல்லாமல் வினைலிடீன் ஃப்ளோரைடைத் தண்ணீரில் பாலிமராக்கி, பாலிமரை எடுத்த பிறகு மிச்சத் தண்ணீரில் எத்தனை வகைக் குட்டை அமிலங்கள் இருக்கின்றன என்று நிறமாலைக் கருவியில் எண்ணிப் பார்த்தால் என்ன? துவக்கியை மாற்றினால் எண்ணிக்கை மாறுகிறதா? கலன் சின்னதாக இருந்தாலே போதும்.

வால்வுக்காரன்

அந்த வேலைக்கு நான் ஓட்டுப் போடுகிறேன். தம்பி, முதல் ஓட்டத்துக்கு முன்னால் கலனை நைட்ரஜன் நிரப்பி ஓர் இரவு அழுத்தத்தில் விட்டுவிடுங்கள். காலையில் அழுத்தம் இறங்கியிருந்தால் மோனோமர் சிலிண்டரை அறைக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

பாலிமர்_புதுமுகம்

நேற்றிரவு விட்டேன். 40 பாரில் வைத்தது காலையில் 33. மூடியின் ஓ-வளையம் வெடித்துப்போயிருக்கிறது, எடுத்துப் பார்த்தால் அதுவே ஃப்ளோரோ ரப்பர். புதுசுக்குச் சொல்லியிருக்கிறேன்.